பினாயிலைத் தேடாதீர்கள், கொடியைத் தேடுங்கள்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் தரைக் கறைகளைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்தால், கறையை விட்டுவிட்டு எல்லாரும் மாப்பைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பிரிவிலும், பிறகு கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்திலும் மேற்பார்வை பார்த்தவள் நான். தரையைப் பற்றிப் பேச எல்லாருக்கும் ஆசை உண்டு, அதைத் துடைக்கிற சாமானைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை. இந்த இதழில் மாப் மட்டும்தான்.

தினமும் வெள்ளைப் பினாயில் ஊற்றித்தான் துடைக்கிறேன். துடைத்த அரை மணி நேரத்தில் வீடெல்லாம் ஒரு முடை நாற்றம் வருகிறது. பினாயிலை மாற்றிப் பார்த்துவிட்டேன், அளவைக் கூட்டியும் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம் அக்கா?
– வாசகி, மன்னார்குடி

அந்த நாற்றம் உங்கள் தரையில் இல்லை தங்கச்சி, மாப்பில் இருக்கிறது. துடைத்து முடித்ததும் மாப்பை எங்கே வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளைப் போல பாத்ரூம் மூலையில், வாளிக்குள்ளேயே, தலைகீழாக நிற்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். நூல் நடுவில் இருக்கிற ஈரம் மறுநாள் காலை வரை காயாது. அழுக்கு, ஈரம், நம் ஊர்ப் புழுக்கம் மூன்றும் சேர்ந்த இடத்தில் கிருமி பெருகுவதற்கு ஒரு ராத்திரி போதும். மறுநாள் அதைப் பினாயில் தண்ணீரில் முக்கி எடுத்து, வீடு முழுக்க நீங்களே தடவி விடுகிறீர்கள்.

மருத்துவமனை மாப்களைச் சோதித்து 1971-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஈரமாகவே வைத்திருந்த மாப்பில் கிருமிகள் ஏராளமாகப் பெருகியிருந்தன. கிருமிநாசினியில் ஊறவைத்தும் அந்த மாப்பைச் சரியாகச் சுத்தம் செய்ய முடியவில்லை. துவைத்து, நன்றாகக் காயவைத்தபோதுதான் சுத்தமாயிற்று. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் மூத்த நர்ஸ் ஒருவர் இதைத்தான் ஒரே வாக்கியத்தில் சொல்வார்: “காயாத மாப்பைத் தொடாதே.” துவைத்த துணியில் வரும் ஈர வாடையையும் ஜப்பானில் ஆராய்ந்திருக்கிறார்கள். மொராக்செல்லா என்ற பாக்டீரியா அதற்குக் காரணம் என்று 2012-ல் எழுதினார்கள். துவைத்த பிறகும் சாகாமல் ஒட்டிக்கொண்டிருந்து, ஈரம் கண்டதும் மறுபடி கிளம்பும் இனம் அது. பினாயில் வாசனை அதன் மேல் போர்த்துகிற போர்வை, அவ்வளவுதான்.

இப்போது கையில் இருக்கிற மாப்பை மீட்கப் பாருங்கள். வெள்ளைப் பருத்தி நூல் மாப் என்றால் குச்சியிலிருந்து கழற்றி, சமையலுக்கு எடுக்காத பழைய பாத்திரம் ஒன்றில் (அலுமினியம் மட்டும் வேண்டாம்) போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு, ஒரு கைப்பிடி சலவை சோடா போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். அலுமினியம் வேண்டாம் என்பதற்குக் காரணம், சலவை சோடா அதை அரித்துக் கறுக்க வைக்கும். அந்தக் காலத்தில் வெள்ளாவி வைத்ததற்கும் இதே சூடும் காரமும்தான் அடிப்படை. வருகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் உங்களுக்கே பதறும். மூன்று தண்ணீர் அலசி, பிழிந்து, வெயிலில் கொடியில் விரித்துப் போடுங்கள்.

மைக்ரோஃபைபர் என்றால் கொதிக்க வைக்கக் கூடாது, பிளீச்சும் கூடாது. அது பாலியெஸ்டரும் நைலானும் சேர்ந்த மிக மெல்லிய இழை. அந்த இழையின் பிளவுகளில்தான் தூசி மாட்டுகிறது. குளோரின் நைலானை அரித்துவிடும், அதிகச் சூடு இழையைச் சுருட்டிவிடும். துணிக்குப் போடுகிற கம்ஃபர்ட் மாதிரியான திரவமும் வேண்டவே வேண்டாம். அது இழை மேல் ஒரு பூச்சாகப் படிந்து, தண்ணீரை உறிஞ்ச விடாமல் செய்துவிடும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், கொஞ்சம் சோப்புத்தூள், அரை மணி ஊறல், கசக்கி அலசல். அதற்கு இவ்வளவு போதும். வாஷிங் மெஷினிலும் போடலாம், வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாக.

இதற்குப் பிறகும் நாற்றம் போகவில்லை என்றால் ரீஃபிலை மாற்றிவிடுங்கள், ஆசைப்பட்டு வைத்திருக்க வேண்டாம். புதிதை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள்: துடைத்ததும் சுத்தத் தண்ணீரில் அலசு, ஒட்டப் பிழி, தலை காற்றில் தொங்கும்படி மாட்டு. கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி அடித்தால் போதும். பினாயிலை பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். மிஞ்சினது நூலிலும் தரையிலும் பிசுக்காக நிற்கும், அந்தப் பிசுக்கில் இன்னும் அழுக்கு ஒட்டும்.

வெள்ளை நூல் மாப்பை பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தேன். வெளுக்கும் என்று பார்த்தால் செம்மண்ணில் புரட்டியதுபோல் ஆகிவிட்டது. பவுடர் கலப்படமா?
– வாசகர், வேதாரண்யம் அருகில்

பவுடரைக் குறை சொல்லாதீர்கள் தம்பி, உங்கள் போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. குழாயிலிருந்து பிடிக்கும்போது அந்தத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். கரைந்திருக்கிற இரும்பு கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டு நின்றால் மெல்ல மெல்ல துருவாக மாறி, வாளியின் அடியில் பழுப்பாகப் படியும். வாளியைக் கவனித்தாலே உங்களுக்குத் தெரியும். பிளீச் போட்டால் ஒரு நாளில் நடக்கிற அந்த மாற்றம் சில நிமிடத்தில் நடந்துவிடும். அத்தனை துருவும் நேராக நூலில் ஏறிவிடும்.

மாப்பைப் பல தண்ணீர் அலசி, குளோரின் வாடை சுத்தமாகப் போன பிறகு, மறுநாள் இதைச் செய்யுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் ஆசிட் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்து அரை மணி ஊறவையுங்கள். துரு கரைந்து தண்ணீர் மஞ்சளாகும். பிறகு அலசல். பிளீச்சும் எலுமிச்சை உப்பும் ஒரே நாளில், ஒரே வாளியில் சேரக் கூடாது. காரணத்தைக் கீழே இன்னொரு கடிதத்தில் சொல்லியிருக்கிறேன்.

கடலோரப் பக்கம் இருக்கிற உங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். அதில் சோப்புக் கட்டி போட்டுத் துவைத்தால் நுரை வராது, வெள்ளையாகத் திரிந்து நூலில் மெழுகு மாதிரிப் படியும். காய்ந்ததும் மாப் விறைத்துக்கொண்டு நிற்பதும், தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளுவதும் அதனால்தான். சோப்புக் கட்டியை விட்டு சோப்புத்தூளுக்கு மாறுங்கள். கொள்ளிடத் தண்ணீர் வருகிற நாளில் குடிக்கப் பிடித்தது போக மிச்சமிருந்தால், கடைசி அலசலுக்கு மட்டும் அரை வாளி ஒதுக்குங்கள். மழை நாளில் தாழ்வாரத்தில் விழுகிற தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதைவிட உசத்தி, அதில் இரும்பும் இல்லை, உப்பும் இல்லை.

பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்து மாப்பை ஊறவைத்தால் பளிச்சென்று ஆகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

செய்யாதீர்கள். பக்கத்து வீட்டிலும் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் இல்லாத சின்னப் பாத்ரூமில் அது மூச்சுக்குழாயைச் சுட்டுவிடும், உயிருக்கே ஆபத்து. வினிகர், எலுமிச்சை உப்பு எல்லாமும் ஆசிட் கணக்குதான். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரும் பிளீச்சோடு சேர்ந்தால் விஷ வாயு தரும். பினாயிலோடும் பிளீச்சைக் கலக்க வேண்டாம். ஒரு வேளைக்கு ஒரே மருந்து, நடுவில் நிறையத் தண்ணீர்.

பருத்தி மாப்புக்கு எப்போதாவது பிளீச் தேவைப்பட்டால் (வீட்டில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று யாராவது படுத்திருந்த சமயம்) கடையில் விற்கிற பிளீச் திரவத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி என்று கலந்து, முதலிலேயே துவைத்த மாப்பைப் பத்து நிமிடம் மட்டும் ஊறவையுங்கள். அழுக்கோடு போட்டால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். பவுடர்தான் இருக்கிறது என்றால் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கி, தெளிந்த மேல் நீரை மட்டும் எடுங்கள், அடியில் தங்குவது சுண்ணாம்பு. திறந்து கிடந்த பழைய பாக்கெட்டில் வீரியம் இருக்காது, நம் பக்கத்து ஈரக் காற்றில் சீக்கிரம் போய்விடும்.

ஸ்பின் மாப் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. சுற்ற மாட்டேன் என்கிறது, குச்சியும் துடைக்கும்போது சர்ரென்று இறங்கிவிடுகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

தூக்கிப் போட வேண்டாம். குச்சி இறங்குவது நடுவில் இருக்கிற பூட்டு தளர்ந்ததால். துடைக்கும்போது பூட்டு இறுகியிருக்க வேண்டும், பிழியும்போது மட்டும் திறந்திருக்க வேண்டும். திருகிப் பாருங்கள். திருகியும் நிற்கவில்லை என்றால் உள்ளே சோப்புத் தண்ணீர் இறங்கியிருக்கும், கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள்.

சுற்றாததற்குப் பெரும்பாலும் தலைமுடிதான் காரணம். பிழிகிற கூடையை மேலே இழுத்துக் கழற்றி, அதன் அச்சைப் பாருங்கள். முடியும் நூலும் கயிறாகச் சுற்றியிருக்கும். கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். மாப்பைக் கூடையில் வைக்கும்போது நூல் எல்லாம் உள்ளே அடங்கி, தட்டு மட்டமாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் நூல் வெளியே தொங்கினால் அச்சு கோணலாகி, கூடை சீக்கிரம் விரிசல் விடும். குச்சியை நேராக அழுத்துங்கள், சாய்க்காதீர்கள். வாளியில் கோடு போட்ட அளவுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். ரீஃபில் வாங்கப் போகும்போது பழைய தட்டைக் கையோடு எடுத்துப் போனால் அளவு தவறாது.

வேலை முடிந்ததும் அடியில் இருக்கிற அடைப்பானைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். இதை மறக்கவே கூடாது. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு வாளியில் நிற்கிற இரண்டு விரற்கடைத் தண்ணீர் தாராளம். முட்டையிலிருந்து கொசுவாகி வெளியே வர ஒரு வாரம், பத்து நாள்தான். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே வாளிச் சுவரில் ஒட்டும், அது மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால் ஊருக்குப் போய்விட்டு வந்தால் வாளியின் உள்சுவரை நாரால் தேய்த்துக் கழுவாமல் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

எங்கள் வீடு பழைய சிவப்புத் தரை வீடு. மாமியார் குச்சி மாப்பை உள்ளேயே விடுவதில்லை, பழைய வேட்டியால் குனிந்துதான் துடைக்க வேண்டும் என்கிறார். எனக்கு முழங்கால் வலி. அவர் சொல்வதில் ஏதாவது நியாயம் இருக்கிறதா?
– வாசகி, திருவையாறு

இருக்கிறது அம்மா, துணி விஷயத்தில் நியாயம் இருக்கிறது. பல வருஷம் தோய்ந்த நூல் வேட்டி மாதிரி தண்ணீர் உறிஞ்சுகிற துணி கடையில் கிடைக்காது. ஈரிழைத் துண்டும் அப்படித்தான். அந்தச் சிவப்புத் தரைக்கு நல்லதும் அதுதான். காவி கலந்து இழைத்த சிமெண்டுக்கு ஆசிட், வினிகர், பிளீச், சலவை சோடா எதுவும் ஆகாது, மினுமினுப்பு செத்துவிடும். வெறும் தண்ணீரும் ஒட்டப் பிழிந்த துணியும் போதும். கடப்பா கல் போட்ட அடுக்களைக்கும் மொசைக்குக்கும் இதே எச்சரிக்கை. கடப்பா சுண்ணாம்புக் கல், மொசைக்கில் இருப்பது சலவைக்கல் சில்லு, எலுமிச்சம்பழச் சாறு பட்டாலே அரிக்கும்.

ஆனால் குனிந்து துடைக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எத்தனை பெண்களின் முழங்கால் இதில் போயிருக்கிறது என்று கண்ணால் பார்த்தவள் நான். துணியை மாட்டுகிற தட்டை மாப் ஒன்று வாங்குங்கள், இரண்டு பக்கமும் கிளிப் இருக்கும். எட்டு முழ வேட்டியைத் தட்டுக்கு ஏற்ற துண்டுகளாகக் கிழித்து, ஓரம் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். கூடத்துக்கு ஒன்று, அறைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி மாட்டலாம். குச்சி நிமிர்த்தி வைத்தால் மோவாய் உயரம் இருக்க வேண்டும், குட்டையாக இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மாமியாருக்கு அவர் வேட்டி தரையைத் தொடுகிறது, உங்களுக்கு முழங்கால் தரையைத் தொடவில்லை. பூஜை அறைக்கு மட்டும் அவர் வழக்கப்படி தனித் துணி இருக்கட்டும். கையால் துடைக்கிற அந்தத் துணியை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் திருப்பித் திருப்பி எட்டு சுத்தமான முகம் கிடைக்கும். நைலான் புடவைத் துண்டை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், அது தண்ணீரை இழுக்காமல் பரப்பும்.

அறுவடை சமயத்தில் எவ்வளவு துடைத்தாலும் தரையில் சேற்றுக் கோடு கோடாக நிற்கிறது.
– வாசகி, அம்மாபேட்டை

பெருக்காமல் துடைத்தால் அப்படித்தான் ஆகும். களத்திலிருந்து பறந்து வருகிற தூசும் பதரும் ஈர மாப் பட்டதும் குழம்பாகிவிடும். பூந்துடைப்பத்தால் இரண்டு தரம் பெருக்கிவிட்டு, அறைக்கு அறை தண்ணீர் மாற்றித் துடைத்துப் பாருங்கள். மாப்பை முற்றத்தில் நன்றாக உதறி, நூலில் சிக்கின வைக்கோலைக் கையால் எடுத்துவிட்ட பிறகே வாளியில் விடுங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் ஒரு வாரம் வெயிலே வருவதில்லை. மாப்பை எப்படிக் காயவைப்பது? போன மழையில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரைத் துடைத்த மாப்பும் அப்படியே இருக்கிறது.
– வாசகர், நாகப்பட்டினம்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். வெள்ளத் தண்ணீரைத் துடைத்த மாப்பைத் தூக்கிப் போடுங்கள். அந்தத் தண்ணீரில் சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் வருகிற வழி அது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நம் பகுதியில் எத்தனை வீடு சேறும் தண்ணீருமாகக் கிடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரி வேலைக்குப் பழைய சாக்கும் கிழிந்த துணியும் போதும், முடிந்ததும் அதோடு போகட்டும். கையுறையும் செருப்பும் போட்டுக்கொண்டு செய்யுங்கள், காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம்.

மழை நாளில் காய்வது வெயிலால் இல்லை, காற்றால். ரீஃபில் மூன்று வைத்துக்கொண்டு முறை மாற்றுங்கள், ஒன்று வேலையில் இருந்தால் இரண்டு கொடியில். பிழிந்த பிறகு ஒரு பழைய துண்டில் சுருட்டி இன்னொரு முறை முறுக்கினால் பாதி ஈரம் அங்கேயே போய்விடும். நூலை விரலால் பிரித்துவிட்டு, ராத்திரி கூடத்து ஃபேனுக்குக் கீழே தொங்கவிடுங்கள். மழை நாளில் முழு வீட்டையும் தினமும் ஈரமாக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தரையே காயாதபோது ஒரு நாள் விட்டு ஒரு நாள் துடையுங்கள், இடைநாளில் உலர்ந்த துணி போதும்.

நான் நாலு வீட்டில் வேலை செய்கிறேன். ஒரு வீட்டில் பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் ஒரே மாப்தான் கொடுக்கிறார்கள். பினாயில் தண்ணீரில் கை வைத்து வைத்து விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. கேட்கப் பயமாக இருக்கிறது. என் மகள் எழுதித் தருகிறாள்.
– பாபநாசம்

தங்கச்சி, உன் கடிதத்தைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். நீ கேட்பது சலுகை இல்லை, அந்த வீட்டுக்காரர்களின் ஆரோக்கியத்துக்கே தேவையானது. மருத்துவமனைகளில் கழிப்பறைக்கு ஒரு நிறம், சமையலறைக்கு ஒரு நிறம் என்று மாப்பைப் பிரித்து வைப்பது கண்டிப்பான நடைமுறை. கழிப்பறைத் தரையிலிருந்து அடுக்களைக்குக் கிருமி நடந்து வராது, மாப்தான் தூக்கிக்கொண்டு வரும். இரண்டாவது மாப் வாங்கும் வரைக்கும், பாத்ரூமுக்கு ஒரு பழைய துணியைத் தனியாகக் கேட்டு வாங்கி, குச்சியில் சிவப்பு நூல் கட்டி வைத்துக்கொள். அதுவும் கிடைக்காவிட்டால் அடுக்களையை முதலில் துடை, பாத்ரூமைக் கடைசியில் துடை. வரிசை மாறக் கூடாது.

கைக்கு: ரப்பர் கையுறை போடு. உள்ளே வியர்த்தால் புண் அதிகமாகும், அதனால் வீடு மாறும்போது கழற்றி, கையைத் துடைத்து, காற்றாட விடு. பினாயிலைக் கையால் கலக்காதே, குச்சியால் கலக்கு. ராத்திரி படுக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவு. வெடிப்பில் நீர் வடிந்தாலோ சிவந்து வீங்கினாலோ அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் காட்டிவிடு, தள்ளிப் போடாதே.

உன்னைப் பற்றி ஊர்ப் பெயர் தவிர வேறு எந்த அடையாளமும் நான் போடவில்லை. அந்த வீட்டம்மாவிடம் நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தால், இந்தப் பக்கத்தை அவர்கள் பார்க்கும்படி மேசையில் வைத்துவிட்டு வா. படிக்கிற அம்மாக்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் துடைக்க வருகிறவருக்கு இரண்டு மாப்பும் ஒரு ஜோடிக் கையுறையும் இந்த வாரமே வாங்கி வையுங்கள். மாப் காயவைக்க எந்த ஆணி என்பதையும் அவரிடமே கேட்டு அடியுங்கள்.